பிறந்த நாள் முதல் கம்மிய குரல்



மருத்துவமனையில் நெடுநாள் ஊழியம் செய்கிறவர்களுக்குச் சில சத்தங்கள் பழகிப்போகும். காலை ஜெபத்துக்குப் போகிற வழியில் பிரசவ வார்டைக் கடக்கும்போது, கதவுக்கு அப்பால் ஒரு குழந்தை வீரிட்டு அழுதால் நாங்கள் கலங்குவதில்லை. பிள்ளை அழவில்லை என்றால்தான் எல்லாரும் ஓடுகிறோம். ஆனால் இவ்விரண்டுக்கும் நடுவில் இன்னொரு அழுகை உண்டு. குழந்தை வாயை நன்றாய்த் திறந்து, முகம் சிவக்க, முழுப் பெலத்தோடு அழுகிறது. வெளியே வருவதோ தொண்டை கட்டினவர் பேசுவதைப் போன்ற கம்மிய சத்தம். பால் நன்றாகக் குடிக்கிறது, எடை கூடுகிறது, காய்ச்சலும் இல்லை. ஆகையால் யாரும் அதைப் பெரிதாய் எண்ணுவதில்லை. சளி கட்டியிருக்கிறது, போகப்போகச் சரியாகிவிடும் என்று பாட்டி சொல்லுவார். பெரும்பாலும் பாட்டி சொல்லுகிறபடியே சரியாகியும் விடும்.

சரியாகாமலே போகிற வெகு சில பிள்ளைகளைப் பற்றியதுதான் இந்த மாதப் பாடம். அந்த நோய்க்கு லிப்பாய்டு புரோட்டினோசிஸ் என்று பெயர். அதை முதலில் தெளிவாய் விவரித்த இரு மருத்துவர்களின் பெயரால் உர்பாக்-வீத்தே நோய் என்றும் சொல்லுகிறார்கள். உலகமெங்கும் மருத்துவ ஏடுகளில் பதிவானவர்கள் சில நூறு பேர் மட்டுமே. சில நூறு பேருக்கு வருகிற நோய்க்கு நம்முடைய செய்திமடலில் இத்தனை பக்கம் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கலாம். கணக்குப் பார்க்கிற பொருளாளர்கள் நிச்சயம் கேட்பார்கள். அந்தக் கேள்வியைப் பொறுத்துக்கொண்டு கொஞ்ச தூரம் எங்களோடு வாருங்கள்.

இந்த நோய் ஒரு வரிசையாக வருகிறது. முதலில் குரல். குரல் நாண்களின்மேல் கெட்டியான ஒரு பொருள் படிந்து, அவை ஒழுங்காய் அதிராதபடி செய்துவிடுகிறது. சிலருக்குப் பிறந்தபோதே, மற்றவர்களுக்கு முதல் சில ஆண்டுகளுக்குள் குரல் கம்முகிறது. அதன்பின் தோல். முகத்திலும் கைகால்களிலும் கொப்புளங்கள் தோன்றிப் பொருக்குத் தட்டி ஆறுகின்றன. ஆறின இடத்தில் அம்மைத் தழும்பைப் போலப் பள்ளம் நிற்கிறது. மற்றப் பிள்ளைகளுக்கு அடையாளம் தெரியாமல் மறைந்துபோகிற சிறு சிராய்ப்புகூட இவர்களுக்குத் தழும்பாகிறது. வருஷங்கள் போகப்போக அந்தத் தோல் தடித்து, மஞ்சள் பூத்து, மெழுகு தடவினாற்போல ஆகிறது. முழங்கை, முழங்கால் போன்ற உராய்வு படும் இடங்கள் பாலுண்ணி பரவினதுபோல் சொரசொரக்கின்றன. கண்ணிமையின் ஓரத்தில் இமைமயிரை ஒட்டிச் சிறு சிறு மணிகளைக் கோத்து வைத்தாற்போலக் கட்டிகள் வரிசையாய் நிற்கும். இந்த மணிவரிசையைப் பார்த்தாலே நோய் இன்னதென்று தேர்ந்த தோல் மருத்துவருக்குச் சந்தேகம் எழும். நாக்கும் தப்புவதில்லை. அது தடித்து மரக்கட்டைபோல் கெட்டியாகி, அடியிலுள்ள சவ்வும் குறுகிப்போவதால், நாக்கை நீட்டு என்றால் பிள்ளையால் பல்லைத் தாண்டி நீட்ட முடியாது.

இது ஒட்டிக்கொள்ளும் நோய் அல்ல. புற்றுநோயும் அல்ல. மூச்சுப்பாதையில் ஆபத்து நேராவிட்டால், இந்த நோய் உள்ளவர்கள் மற்றவர்களைப் போலவே வயதாகி வாழ்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்த விதத்தில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. 1908ல் சுவிட்சர்லாந்து தேசத்தின் பாசல் நகரில் காது மூக்குத் தொண்டைப் பேராசிரியராயிருந்த சீபன்மான் என்பவர் இப்படிப்பட்ட ஒருவரைக் குறித்து எழுதி வைத்தார். ஆனால் அது தனி நோய் என்று தெளிவானது 1929ல், வியன்னா நகரில். எரிக் உர்பாக் தோல் மருத்துவர், கமில்லோ வீத்தே தொண்டை மருத்துவர். தோல் மருத்துவர் தோலை மட்டும் பார்த்திருந்தால், ஏதோ கொழுப்புக் கட்டி என்று எழுதியிருப்பார். தொண்டை மருத்துவர் தொண்டையை மட்டும் பார்த்திருந்தால், குரல் நாணில் தடிப்பு என்று எழுதிவிட்டு அடுத்த நோயாளியை அழைத்திருப்பார். இரண்டு பேரும் ஒரே நோயாளியைச் சேர்ந்து பார்த்தபோதுதான், தோலிலும் தொண்டையிலும் படிந்திருப்பது ஒரே பொருள் என்பது விளங்கிற்று. பெரிய மருத்துவமனைகளில் ஒரு துறைக்கும் மறு துறைக்கும் நடுவில் இருக்கிற நடை சில சமயம் வைகை ஆற்றைவிட அகலமாயிருக்கிறதை நாங்கள் கண்டிருக்கிறோம், அது நிற்க.

அவர்கள் அந்தப் பொருளைக் கொழுப்பும் புரதமும் சேர்ந்தது என்று எண்ணினார்கள். நோயின் பெயரே அந்த எண்ணத்தில் பிறந்தது. ஆனால் பின்வந்த ஆராய்ச்சிகளில், கொழுப்பு பின்னால் வந்து சேருகிற ஒன்றே என்று தெரிந்தது. உண்மையில் படிகிறது கண்ணாடிபோல் தெரிகிற ஒருவகைப் புரதப் பொருள். அது தோலின் அடித்தளச் சவ்வைச் சுற்றியும், மெல்லிய இரத்தக் குழாய்களைச் சுற்றியும் அடுக்கடுக்காய்ப் படிகிறது. ஆகையால், பிள்ளைக்கு நெய்யும் எண்ணெயும் அதிகம் கொடுத்ததால் வந்த கட்டி என்று யாராவது சொன்னால், அதற்கு இந்த நோயில் இடமே இல்லை. பத்தியம் இருந்தும் பயனில்லை.

காரணம் 2002ல் தெரியவந்தது. மனித உடலின் முதலாம் குரோமோசோமில் இசிஎம்1 என்று ஒரு மரபணு இருக்கிறது. தோலின் கட்டுமானப் பொருள்களை ஒன்றோடொன்று பிணைத்து நிறுத்துவதில் பங்குள்ள ஒரு புரதத்துக்கு இதுவே அச்சு. இந்த அச்சில் பழுது ஏற்பட்டால் இந்த நோய் வருகிறது. ஒவ்வொருவரிடமும் இந்த அச்சு இரண்டு இருக்கிறது, தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதாயிருந்தால் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும். அவருக்கு நோயும் இராது, தம்மிடம் பழுது இருப்பதும் தெரியாது. இரண்டும் பழுதான பிள்ளைக்கே நோய் வருகிறது. அப்படியானால் தகப்பன், தாய் இருவருமே தலைக்கு ஒரு பழுதான அச்சைச் சுமக்கிறவர்களாய் இருக்கவேண்டும். அப்படிப்பட்ட பெற்றோருக்கு ஒவ்வொரு பிரசவத்திலும் நோயுள்ள பிள்ளை பிறக்க நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பிள்ளைகளுக்கு வராது என்று எண்ணக்கூடாது. ஒவ்வொரு பிரசவத்துக்கும் கணக்கு புதிதாய்த் தொடங்குகிறது.

இங்கே ஒரு காரியத்தைச் சொல்லாமல் மேலே போக எங்களால் முடியவில்லை. நாங்கள் குருத்துவப் பட்டம் பெற்ற புதிதில் ஒரு கிராமச் சபையில் இருந்தபோது, ஞாயிறு பள்ளியில் ஒரு பையன் இருந்தான். கம்மிய குரல். முகத்திலும் முழங்கையிலும் தழும்புகள். அம்மை வார்த்த முகம் என்று எல்லாரும் சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். இந்தியாவில் பெரியம்மை 1975லேயே ஓய்ந்துவிட்டது, இவன் அதற்குப்பின் பிறந்தவன் என்று கணக்குப் பார்க்க எங்களுக்குத் தோன்றவில்லை. கிறிஸ்துமஸ் கீத பவனிக்குப் பிள்ளைகளைப் பழக்கினபோது, அவன் குரல் பாட்டைக் கெடுக்கிறது என்று பாட்டு நடத்தினவர் முறையிட்டார். நாங்கள் அவனை அழைத்து, நீ பாடவேண்டாம், பெட்ரோமாக்ஸ் விளக்கைப் பிடித்துக்கொண்டு வா என்றோம். அதைப் பெரிய பொறுப்பாகக் கொடுப்பதுபோல் சொன்னோம். அவன் தாய் தன் தாய்மாமனையே மணந்தவள். அவள் கர்ப்பமாயிருந்தபோது கிரகணத்தில் வெளியே வந்துவிட்டாள், அதனால்தான் பிள்ளை இப்படி என்று மாமியார் எங்கள் காதுபடவே சொன்னதுண்டு. நாங்கள் அந்தத் தாய்க்காக ஜெபித்தோம். மாமியார் சொன்னது தவறு என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

பல வருஷங்கள் கழித்து ஒரு தோல் மருத்துவர் எங்களுக்கு ஒரு புத்தகத்தில் கண்ணிமையின் படத்தைக் காட்டினார். அன்று இரவு அந்தப் பையனுடைய கண்ணிமைகளை நினைத்துப் பார்க்க முயன்றோம். நினைவுக்கு வரவில்லை. விளக்கைப் பிடித்திருந்த கைதான் நினைவில் இருக்கிறது. அவனுக்கு இந்த நோய்தான் என்று சொல்ல எங்களுக்கு உரிமையில்லை. அவனை நாங்கள் ஒரு மருத்துவரிடமும் அழைத்துப் போகவில்லையே.

இந்த நோயை அம்மைத் தழும்பு என்று எண்ணுவதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. தொழுநோயின் ஒரு வகையிலும் முகத்தில் கட்டிகள் தோன்றும், புருவமும் இமைமயிரும் உதிரும், தொண்டையிலும் நோய் இறங்கிக் குரல் கம்மும். ஆகையால் லிப்பாய்டு புரோட்டினோசிஸ் உள்ள ஒருவரை முதன்முறை பார்க்கிறவர் தொழுநோய் என்று எண்ணக்கூடும். மிஷன் மருத்துவமனைகளோடு பழகின நமக்கு அந்தச் சொல்லின் பாரம் தெரியும். வேறுபாடு பெரிது. தொழுநோய் ஒரு கிருமியால் வருவது. தோலில் உணர்ச்சி மரத்துப்போகும். 1980களில் வந்த கூட்டு மருந்துச் சிகிச்சையால் முழுவதும் குணமாகிறது. லிப்பாய்டு புரோட்டினோசிஸ் பிறவியில் வருவது, கிருமி இல்லை, தோலில் மரப்பும் இல்லை. குழந்தைப் பருவம் முதல் குரல் கம்மியிருந்தது என்ற ஒரே விவரம் மருத்துவரைச் சரியான வழியில் திருப்பிவிடும். அதைச் சொல்லக்கூடியவர் தாய் ஒருவரே. வெளிநோயாளர் பிரிவில் நாலு நிமிஷம் கிடைக்கும்போது, அந்த நாலு நிமிஷத்தில் தோலைத்தான் காட்டுவார்கள். குரலைப் பற்றி யாராவது கேட்டால்தான் சொல்லுவார்கள். தோலிலிருந்து ஒரு சிறு துண்டு எடுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் நோய் உறுதியாகும். மரபணுப் பரிசோதனையாலும் உறுதி செய்யலாம்.

இந்த நோய் மற்ற எந்த இடத்தையும்விடத் தென்னாப்பிரிக்காவில் அதிகமாய்க் காணப்படுகிறது. அந்தத் தேசத்தின் வடமேற்கு மூலையில் நமாக்குவாலாந்து என்று ஒரு வறண்ட பிரதேசம் இருக்கிறது. செம்புச் சுரங்கங்கள் உள்ள நாடு. மழை பெய்த வருஷங்களில் வசந்த காலத்துச் சில வாரங்கள் மட்டும் பாலை முழுவதும் பூவாய் விரிந்து கிடக்கும். மிஷன் சரித்திரம் படித்தவர்களுக்கு, 1816ல் பர்னபாஸ் ஷா என்ற மெத்தடிஸ்ட் மிஷனரி அங்கே லெலிஃபொன்டெயின் என்ற இடத்தில் பணி தொடங்கினது நினைவிருக்கும். ஜனங்கள் குறைவு, ஊர்கள் ஒன்றுக்கொன்று வெகுதூரம். தலைமுறை தலைமுறையாகச் சில குடும்பங்களுக்குள்ளேயே பெண் கொடுத்துப் பெண் எடுத்தார்கள். 17ஆம் நூற்றாண்டின் நடுவில் கேப் பகுதிக்கு வந்து குடியேறின ஜெர்மானியர் ஒருவருடைய சந்ததியின் வழியாய் இந்தப் பழுதான அச்சு அங்கே வந்ததென்று ஆராய்ச்சியாளர்கள் கருதுகிறார்கள். 2004ல் வெளியான ஓர் ஆய்வில், நமாக்குவாலாந்தில் பரிசோதிக்கப்பட்ட நோயாளிகள் எல்லாரிடத்திலும் மரபணுவின் அதே இடத்தில் அதே பழுது இருந்தது.

இந்த நோய் அங்கே வெள்ளையர் என்று எழுதப்பட்டவர்களிடத்திலும் இருக்கிறது, கலப்பினத்தார் என்று எழுதப்பட்டவர்களிடத்திலும் இருக்கிறது. 1949ல் அந்த நாட்டு அரசு வெள்ளையரும் மற்றவரும் மணந்துகொள்ளக் கூடாதென்று சட்டம் செய்தது. 1950ல் ஒவ்வொரு மனுஷனையும் இன்ன இனம் என்று பதிவேட்டில் எழுதச் சட்டம் செய்தது. முன்னது 1985லும் பின்னது 1991லும் நீக்கப்பட்டன. அந்தப் பதிவேட்டில் வேறு வேறு பக்கத்தில் எழுதப்பட்டவர்களின் உடம்புக்குள், அச்சுப் பிசகாமல் ஒரே எழுத்துப்பிழை இருந்திருக்கிறது.

இப்போது நம் பக்கம் வருவோம். இந்தியாவிலிருந்தும் இந்த நோய் பல முறை மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. அந்தப் பதிவுகளில் அடிக்கடி வருகிற ஒரு குறிப்பு, பெற்றோர் இரத்த உறவினர் என்பதே. நம் தமிழ்நாட்டில் அக்காள் மகளையும், மாமன் மகளையும், அத்தை மகனையும் முறை என்று சொல்லி மணம் முடிக்கிறோம். 2019-21ல் எடுக்கப்பட்ட தேசிய குடும்ப நல ஆய்வின்படியும், இங்கே நான்கில் ஒன்றுக்குக் குறையாத மணங்கள் உறவுக்குள்ளேயே நடந்தவை. சபைகளிலும் இது குறைவில்லை என்பதற்கு, விவாக அறிக்கை வாசிக்கிற எந்தப் போதகரும் சாட்சி.

கணக்கை எளிதாய்ப் பாருங்கள். ஒருவர் இந்தப் பழுதான அச்சு ஒன்றைத் தம்மையறியாமல் சுமக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவருடைய அக்காளிடமும் அது இருக்க இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு. அக்காள் மகளிடம் இருக்க நான்கில் ஒரு பங்கு. மாமன் மகளிடமோ அத்தை மகளிடமோ இருக்க எட்டில் ஒரு பங்கு. உறவே இல்லாத ஒரு பெண்ணிடம் இருக்க வாய்ப்பு மிக மிகச் சொற்பம். இதைச் சொல்லுவதால் உறவுக்குள் மணந்த எல்லாருக்கும் நோயுள்ள பிள்ளை பிறக்கும் என்று அர்த்தமல்ல. அப்படி மணந்தவர்களில் பெரும்பாலோருக்கு நல்ல சுகமுள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் சொந்த வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆனால் ஒரு குடும்பத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு பிள்ளை இருக்குமானால், அதே குடும்பத்துக்குள் அடுத்த மணத்தைப் பேசுமுன் மரபணு ஆலோசனை கேட்பது நல்லது. நிலம் வெளியே போகக்கூடாது என்று பேசுகிறவர்களிடம் இதைப் பேசுவது கடினம். நாங்கள் பேசித் தோற்றதும் உண்டு.

இன்னொன்று. தகப்பனிடமிருந்து ஒன்று, தாயிடமிருந்து ஒன்று என்று மேலே எழுதினோம். இதில் மருமகளின் குற்றம் எங்கே இருக்கிறது? கிரகணம் எங்கே இருக்கிறது?

இந்த நோய் மருத்துவ உலகில் பேர்பெற்றது தோலால் அல்ல, மூளையால். நோயாளிகளில் பலருக்கு, காலப்போக்கில், மூளையின் இரு பக்கங்களிலும் உள்ளே வாதுமைக் கொட்டை அளவில் இருக்கிற அமிக்டலா என்ற உறுப்பில் சுண்ணாம்புச் சத்து படிகிறது. சிலருக்கு வலிப்பு வருகிறது. அமெரிக்காவில் எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படுகிற ஓர் அம்மையாருக்கு இரு பக்கத்து அமிக்டலாவும் இந்த நோயால் முற்றிலும் அழிந்துபோயின. ஐயோவா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் அவரைப் பல்லாண்டு காலமாய் ஆராய்ந்திருக்கிறார்கள். 1994ல் அவர்கள் வெளியிட்ட ஆய்வின்படி, அந்த அம்மையார் முகங்களை அடையாளம் கண்டார், மகிழ்ச்சியைக் கண்டார், ஆனால் பயந்த முகத்தை மட்டும் பயந்த முகம் என்று அறிய முடியவில்லை. 2005ல் காரணமும் ஓரளவு விளங்கிற்று. அவர் மற்றவர்களுடைய கண்களைப் பார்ப்பதே இல்லை. கண்களைப் பாருங்கள் என்று சொன்னபோது பயத்தை அடையாளம் கண்டார். சொல்லாதபோது மறுபடியும் தவறவிட்டார்.

2011ல் வெளியான ஆய்வு இன்னும் ஆச்சரியமானது. பாம்பு பிடிக்காது என்று சொல்லுகிற அந்த அம்மையாரை விலங்குகள் விற்கும் ஒரு கடைக்கு அழைத்துப் போனார்கள். அவர் பாம்பைக் கையில் வாங்கித் தடவிக்கொண்டிருந்தார். கெண்டக்கி மாகாணத்தில் வேவர்லி ஹில்ஸ் என்ற பழைய காசநோய்ச் சானட்டோரியம் இருக்கிறது. அதைப் பேய் வீடாக ஜோடித்து வேடிக்கை காட்டுகிறார்கள். அங்கே போனபோது, பயமுறுத்த வந்த வேஷக்காரனையே இவர் தலையில் குத்திப் பயமுறுத்திவிட்டார். இவை சிரிப்புக்கானவை. ஆனால் அதே அம்மையாருடைய கழுத்தில் ஒரு இரவு பூங்காவில் ஒருவன் கத்தியை வைத்திருக்கிறான். அவர் பதறவில்லை, அவன் விட்டுவிட்டான். மறுநாளும் அவர் அதே பூங்காவுக்குப் போனார். ஆபத்து இருக்கிற இடத்துக்கு மறுபடியும் போகாதே என்று மற்ற எல்லாருக்கும் உள்ளேயிருந்து சொல்லுகிற காவற்காரன் அவருக்குள் இல்லை.

அறுவைக்கு முந்தின இரவு படுக்கைக்குப் படுக்கை போய்ப் பயப்படாதே என்று சொல்லுகிறவர்கள் நாங்கள். அந்த வார்த்தையை இனியும் சொல்லுவோம். ஆனால் பயத்தை விசுவாசக் குறைவு என்று மட்டும் பார்த்து வந்த எங்களுக்கு, இந்த அம்மையாரின் வரலாறு ஒரு திருத்தம். பயமும் சிருஷ்டிப்பில் ஒரு உறுப்பைப் பெற்றிருக்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, இந்த நோய் உள்ளவர்கள் எல்லாரும் பயமற்றவர்கள் என்று சொல்லிவிடாதிருங்கள். நமாக்குவாலாந்தில் ஆராயப்பட்ட ஒரு சிலருக்கு அமிக்டலாவின் ஒரு பகுதி மட்டும் கெட்டிருந்தது. 2012ல் வெளியான ஆய்வின்படி அவர்கள் மற்றவர்களைவிடப் பயத்தின் அடையாளங்களுக்கு அதிக உணர்வுள்ளவர்களாய் இருந்தார்கள். 2013ல் அவர்களையே பணத்தை நம்பி ஒப்படைக்கும் ஒரு விளையாட்டில் ஈடுபடுத்தினபோது, முன்பின் அறியாதவர்களிடம் மற்றவர்களைவிட அதிகப் பணத்தை ஒப்படைத்தார்கள். நன்கொடை கேட்டு எழுதுகிற எங்களுக்கு இதைப் படித்தபோது சிரிப்பு வந்தது என்பதை ஒத்துக்கொள்ளுகிறோம். உங்கள் காணிக்கைக்கு வேறு காரணம் உண்டென்று அறிவோம்.

அதே 2013ல் இன்னொரு ஆய்வும் வந்தது. எஸ்.எம். என்ற அம்மையாரையும், இதே நோயுள்ள இரட்டைச் சகோதரிகள் இருவரையும், கரியமில வாயு 35 சதவீதம் கலந்த காற்றை முகமூடி வழியாய் ஒரே ஒரு முறை உள்ளே இழுக்கச் செய்தார்கள். இதில் ஆபத்து இல்லை. ஆனால் மூச்சு முட்டுகிறதுபோல் இருக்கும். பாம்புக்கும் கத்திக்கும் பயப்படாத அந்த அம்மையார் திணறி, முகமூடியைக் கழற்றும்படி கைகாட்டினார். மூன்று பேரும் திகிலடைந்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த சுகமுள்ளவர்களில் ஒரு சிலருக்கு மட்டுமே அப்படி நேர்ந்தது. வெளியே இருக்கிற ஆபத்துக்குப் பயப்பட அமிக்டலா வேண்டும். மூச்சு நின்றுபோகும் என்ற பயமோ உடம்பில் அதைவிட ஆழமான வேறு இடத்திலிருந்து வருகிறது.

இந்த நோயில் உண்மையான ஆபத்து இருப்பதும் மூச்சில்தான். குரல் நாண்களில் படிகிற அதே பொருள் மூச்சுப்பாதையையும் குறுக்கக்கூடும். சாதாரண நாட்களில் ஒன்றும் தெரியாது. ஒரு சளிக் காய்ச்சல் வந்து தொண்டை வீங்கினால் மூச்சு இழுக்கும். சிலருக்குத் தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைக்கும்படியும் ஆகிறது. நோயை வேரோடு நீக்கும் மருந்து இன்னும் இல்லை. சில மருந்துகளைக் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒருவருக்குக் கேட்டது மற்றவருக்குக் கேட்கவில்லை. ஆனால் குரல் நாண்களில் படிந்ததை நுண்ணோக்கியின் உதவியோடு லேசர் கதிராலோ கருவியாலோ நீக்கலாம். குரல் தெளிகிறது, மூச்சும் இலேசாகிறது. மறுபடி படிந்தால் மறுபடி நீக்கவேண்டும். தோலின் தடிப்பையும் இமைக் கட்டிகளையும் இப்படியே ஓரளவு குறைக்கலாம். வலிப்புக்கு மாத்திரைகள் உண்டு. தோல், தொண்டை, பல், கண், நரம்பு என்று ஐந்து மருத்துவர்களிடம் போகவேண்டிய பிள்ளைக்கு, ஒவ்வொரு முறையும் பேருந்துக் கட்டணமும் தாயின் ஒரு நாள் கூலியும் போகின்றன. பொருளாளர்களின் கேள்விக்கு எங்களிடம் இருக்கிற பதில் இதுதான். நீங்கள் அனுப்புகிற ரூபாயில் பயணப்படி என்று நாங்கள் கணக்கெழுதுகிற பகுதி இப்படிப்பட்டவர்களுக்கே போகிறது.

கடைசியாக, வார்டில் கற்றுக்கொண்ட ஒரு நடைமுறைக் குறிப்பு. இந்த நோயுள்ள ஒருவருக்கு எந்த அறுவை நடந்தாலும், குடல்வால் ஆகட்டும், எலும்பு முறிவாகட்டும், மயக்கம் கொடுக்கிற மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லவேண்டும். நாக்கு கெட்டியாயிருப்பதாலும், வாய் முழுவதும் திறக்காததாலும், மூச்சுப்பாதை குறுகியிருப்பதாலும், செயற்கைச் சுவாசக் குழாயை உள்ளே செலுத்துவது கடினமாகலாம். முன்பே தெரிந்தால் அளவு குறைந்த குழாயை ஆயத்தமாய் வைத்திருப்பார்கள். தொண்டை மருத்துவரும் பக்கத்தில் நிற்பார். மயங்கிக் கிடக்கிறவர் அதைச் சொல்ல முடியாது. ஆகையால் நோயின் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு அட்டையில் எழுதி, அதன்கீழ் மூச்சுப்பாதை குறுகலானது என்றும் எழுதி, பிள்ளையின் பள்ளிப் பையில் ஒன்று, தாயின் பணப்பையில் ஒன்று, பள்ளித் தலைமையாசிரியரிடம் ஒன்று என்று வைத்திருப்பது நல்லது. அட்டை நனைந்து போகாதபடி பிளாஸ்டிக் உறை போடவேண்டும்.